மிட்டாய் சைக்கிள்

எனக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரரே விழுந்து விழுந்து சிரிப்பார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது என் வேலை. எங்கள் பகுதியில் பாதிப் பேர் மூக்கில் உட்கார்ந்திருப்பது நான் பொருத்திக் கொடுத்த கண்ணாடிதான். லென்ஸில் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல் இருந்தாலும், வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணை நம்பித்தான் முப்பத்தைந்து வருஷமாக மிட்டாய் அட்டை சேர்த்து வருகிறேன். அந்தக் கண் என்னைக் குப்புறத் தள்ளிய கதை இது.

மிட்டாய் அட்டை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் மிட்டாய்ப் பாக்கெட்டுக்குள் உள்ளங்கை அளவில் ஒரு பட அட்டை வைத்து விற்றார்கள். முன்பக்கம் படம், பின்பக்கம் எண்ணும் நாலு வரி விவரமும். ரயில் இன்ஜின்கள், பாலங்கள், பூச்சிகள், கடிகாரங்கள் என்று ஒவ்வொன்றும் ஒரு தொகுப்பு. விளையாட்டு வீரர்கள் படம் போட்ட அட்டைகளைச் சேர்ப்பவர்கள் தனி ஜாதி. அவர்களுக்குப் பத்திரிகை, தொலைக்காட்சி எல்லாம் உண்டு. எங்களை ஏன் என்று கேட்க நாதியில்லை. வண்டு படத்துக்காக வெளியூர் போய் வருகிறவர்களை வேறு எப்படி நடத்துவார்கள்?

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நூலகத்தின் மாடி அறையில் எங்கள் சங்கம் கூடும். இருபது, இருபத்திரண்டு பேர். தலைவர் ஒரு பல் டாக்டர். மிட்டாய் அட்டைச் சங்கத்துக்குப் பல் டாக்டர் தலைவரா என்று கேட்டால், "நான் எங்கிருந்து சாப்பிடறேனோ அங்கதானே விசுவாசம் காட்டணும்?" என்பார். எங்கள் சங்கத்தில் ஒரு தொகுப்பு முழுமையானால் அதைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தொகுப்புக்கு உரியவர் எழுந்து நின்று ஒன்றிலிருந்து எண்களைச் சொல்ல வேண்டும். மேசையில் இருக்கும் சோதகர் அந்த அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து "இருக்கு" என்று உரக்கச் சொல்வார். முடியும்வரை அறையில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அறுபது அட்டைத் தொகுப்பு என்றால் அறுபது "இருக்கு". அதை ஒரு தடவை கேட்டவர்களுக்குத்தான் அதன் ருசி தெரியும். கடைசி "இருக்கு" விழுந்ததும், உரியவர் தன் கையாலேயே பதிவேட்டை நிரப்புவார்: தொகுப்பு, பெயர், கிடைத்த விதம், முழுமையான தேதி, கையெழுத்து.

நான் பதினொரு தடவை அப்படி எழுந்து நின்றிருக்கிறேன். சங்கத்தில் அதற்கு மேல் யாரும் நின்றதில்லை. பன்னிரண்டாவதுதான் என் உயிரை வாங்கியது.

"கலங்கரை விளக்கங்கள்", மொத்தம் அறுபது. என்னிடம் ஐம்பத்தொன்பது. நாற்பத்து மூன்றாம் எண் அட்டை இல்லை. என்னிடம் மட்டுமல்ல, எங்கள் சங்கத்தில் யாரிடமும் இல்லை. நாற்பத்தாறு வருஷத்துக்கு முன் அந்தத் தொகுப்பு வந்தபோது, அறுபதையும் சேர்த்து அனுப்புகிறவர்களுக்குச் சைக்கிள் பரிசு என்று மிட்டாய்க் கம்பெனி அறிவித்தது. பிள்ளைகள் எல்லாரும் பல் சொத்தையாகும்வரை தின்றார்கள். ஆரஞ்சு தின்றார்கள், பால் மிட்டாய் தின்றார்கள். நாற்பத்து மூன்று மட்டும் வரவே இல்லை. பிற்பாடு வெளிப்பட்டது மூன்றே மூன்று. மூன்றும் அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் வீட்டிலிருந்து வந்தவை, ஓரம்கூட வெட்டாதவை. இதையெல்லாம் கோத்து நான் சங்கத்தின் மலரில் ஆறு பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினேன். அந்த அட்டையை அச்சடித்தார்கள், ஆனால் பாக்கெட்டில் போடவே இல்லை; சைக்கிளை யாரும் ஜெயிக்கவில்லை, ஜெயிக்கவும் முடியாது; முழுக்க முழுக்க ஏமாற்று. ஒன்பது வருஷமாக அந்தக் கட்டுரைதான் எங்கள் உலகத்தில் கடைசி வார்த்தை. வெளியூர்ச் சங்கங்கள்கூட அதைக் கேட்டு வாங்கிப் படித்தன.

இதில் ஒரே சிக்கல், எங்கள் வீட்டு மாடியில் ஒரு சைக்கிள்காரி இருந்தார்.

என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பள்ளிச் சீருடை தைப்பவர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். யாரிடமும் கை நீட்டாமல் மாடி அறையும் தையல் மெஷினுமாக அறுபத்து நாலு வயதுக்கு வந்துவிட்டார். பதினெட்டு வயதில் ஒரு சாயங்காலம் தையல் கூடத்திலிருந்து புது நீலச் சைக்கிளில் வீட்டுக்கு வந்து இறங்கினாராம். "யாரு வாங்கிக் குடுத்தா?" என்று அவர் அப்பா கேட்டார். "மிட்டாய் அட்டைப் போட்டியில ஜெயிச்சேன்" என்றார் அண்ணி. அந்த வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. வயசுப் பெண்ணுக்கு எவனோ சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கிறான் என்று அப்பா முடிவு கட்டினார். சாகும்வரை அந்த முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. தம்பிக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, அது வாழ்நாள் கேலி. யாராவது நம்ப முடியாத எதையாவது சொன்னால் எங்கள் வீட்டில் "ஆமா, மிட்டாய் சைக்கிள்!" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

கட்டுரை வெளிவந்த அன்று நான் அதைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தேன். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "ஜெயிக்கவும் முடியாது" என்ற இடம் வந்ததும் வீட்டுக்காரர் மேசையைத் தட்டினார். "போச்சு அக்கா, உன் சைக்கிளுக்குச் சாவு மணி அடிச்சாச்சு!" அண்ணி எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு மெஷின் சத்தம் கேட்டது.

போன மாதக் கூட்டத்தில்தான் அது நடந்தது.

சங்கத்தில் எனக்குப் போட்டி என்று சொல்ல ஒரே ஆள் உறைக்காரர். அட்டை, ரசீது, பேருந்துச் சீட்டு எதுவானாலும் பிளாஸ்டிக் உறை போடாமல் தொட மாட்டார். அதனால் அந்தப் பெயர். இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய கடையின் பரணிலிருந்து அவருக்கு ஒரு தாள் கிடைத்திருந்தது. மிட்டாய்க் கம்பெனி அந்தக் காலத்தில் கடைக்காரர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை. அதற்கும் உறை போட்டுக் கொண்டுவந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார்.

"பரிசுக்காக அனுப்பப்படும் அறுபது அட்டைகளும், மீண்டும் பயன்படுத்த இயலாதவாறு, வலது மேல் மூலையில் வட்டத் துளையிடப்பட்டு, பரிசுடனோ பின்னரோ உரியவருக்கே திருப்பி அனுப்பப்படும்."

படித்துவிட்டு என்னைப் பார்த்து, அதிசயமாக, சிரித்தார். "அம்மா எழுதினது நூத்துக்கு நூறு சரி. அப்படித் துளை போட்ட அட்டை ஒண்ணையாவது நம்மள்ல யாராவது பாத்திருக்கோமா? இல்லை. அப்ப யாருமே ஜெயிக்கலை. இந்தத் தாளே சாட்சி." எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் மட்டும் தட்டவில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய அட்டைகளோடு வந்திருந்தேன். அதைப் பார்த்து ஆசைப்பட்டு அண்ணி ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். "இது நான் சேத்தது. முழுசா இருக்கு. நீ வெச்சுக்கோ" என்றார். முழுசா இருக்கு என்று சொல்லாத ஆளே கிடையாது. பிரித்துப் பார்த்தால் பாதிகூடத் தேறாது. நான் நாடாவை அவிழ்த்தேன். மேலே இருந்த முதல் அட்டையின் மூலையில் ஓட்டை. அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் பிள்ளைகளை இழுக்க அட்டைகளை ஆணியில் குத்தி நூலில் கோத்துத் தொங்கவிடுவார்கள். அப்படி ஓட்டை விழுந்தது எங்களுக்குக் குப்பை. "அய்யோ, ஓட்டை விழுந்தது எல்லாம் செல்லாது அண்ணி" என்று இரண்டாவது அட்டையைக்கூடப் பார்க்காமல் மறுபடி நாடாவைக் கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிற்பாடு சங்கத்தில் சேர்ந்ததும், "துளை விழுந்த, கிழிந்த, எழுதிய அட்டைகள் எண்ணிக்கையில் சேரா" என்ற ஏழாவது விதியைக் கொண்டுவந்தவளும் நான்தான்.

ஆணி குத்தினால் ஓட்டையின் ஓரம் பிய்ந்து பின்பக்கம் பிதுங்கி நிற்கும். டப்பாவில் இருந்த அந்த முதல் அட்டையின் ஓட்டை அப்படி இல்லை. கச்சிதமான வட்டம். முப்பத்தொரு வருஷம் கழித்து, நூலக மாடியில் உட்கார்ந்துகொண்டு, அந்த வட்டத்தை நான் தெளிவாகப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவள், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். அது மட்டும் என்றால் பரவாயில்லை. ஒரு மனுஷியைப் பொய்க்காரி என்று அச்சில் ஏற்றி, அவர் எதிரிலேயே உட்கார்ந்து படித்துக் காட்டியிருக்கிறேன். நினைக்க நினைக்க எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கை தட்டிக்கொண்டிருந்தார்கள், உறைக்காரரே என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அதெல்லாம் தினமும் கிடைக்கிற விஷயமா? ஆனால் உட்கார முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்குப் போனதும் நேரே மாடிக்கு ஏறினேன். அண்ணி சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் வெள்ளைத் துணி மலை, மறுபக்கம் முடித்த சட்டைகள்.

"அண்ணி, அந்த டப்பா இருக்கா?"

"எந்த டப்பா?" மெஷின் நிற்கவில்லை.

"நான் வந்த புதுசுல குடுத்தீங்களே. அட்டை டப்பா."

"ஓட்டை டப்பாவைக் கேக்கறியா?"

"அதான்."

காலர் முழுதும் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து எடுத்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "செல்லாதுன்னு சொன்னே."

"தப்பாச் சொல்லிட்டேன்." சொல்வதற்கு எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அந்த அறையில் இருந்த ஊசிக்குக்கூடத் தெரிந்திருக்கும். "பாக்காமலே சொல்லிட்டேன். நீங்க சைக்கிள் ஜெயிச்சது நிஜம். இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்."

"எனக்கு நாப்பத்தாறு வருஷமாத் தெரியும்" என்றார் அண்ணி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தப்பு என் மேல்தான், ஆனாலும் வந்தது. "அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லலை? நாப்பத்து மூணுக்கு நான் நாயா அலைஞ்சது உங்களுக்குத் தெரியாதா? ஒரே படிக்கட்டுல ஏறி இறங்கறோம்!"

"ரெண்டு தடவை காட்டினேன்மா. எங்கப்பாகிட்ட ஒரு தடவை. 'நாலு ஓட்டை அட்டையைக் காட்டினா நான் நம்பிடணுமா'ன்னு தூக்கிப் போட்டாரு. உன்கிட்ட ஒரு தடவை. மூணாவது தடவை காட்ட நான் என்ன கடை விரிச்சு வெச்சிருக்கேனா?"

மன்னிச்சிடுங்க என்றேன். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. அண்ணி ஒரு காலர் துணியை நீட்டி, அது வெள்ளை என்று நினைவு வந்தது போலத் திரும்ப இழுத்துக்கொண்டு, ஒரு கந்தலைக் கொடுத்தார். பிறகு எழுந்து துணி அலமாரியின் அடித்தட்டிலிருந்து டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தார்.

மூடியைத் திறந்தேன். நாடா கட்டியது கட்டியபடி இருந்தது. அண்ணி போடும் முடிச்சு எனக்குத் தெரியும். எந்த மூட்டையானாலும் ஒரே இழுப்பில் அவிழும். இது கோணல்மாணலாக, அவசரத்தில் இரண்டு தடவை சுற்றி இறுக்கின முடிச்சு.

"அது நீ போட்டது" என்றார். "போட்டவளே அவிழ்க்கட்டும்னு விட்டுட்டேன்."

ஊசியை வாங்கி நெம்பித்தான் அவிழ்க்க முடிந்தது. வெகு நேரம் பிடித்தது. உள்ளே ஒன்றிலிருந்து அறுபதுவரை வரிசையாக அடுக்கி வைத்த அட்டைகள், ஒவ்வொன்றிலும் வலது மேல் மூலையில் அதே வட்டம். முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. நாற்பத்து மூன்றில் பாறை மேல் ஒரு கலங்கரை விளக்கம், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டது; பின்னால் சாம்பல் நிறத்தில் அலை. ஓரம் சுத்தமாக வெட்டியிருந்தது. அப்படியானால் அச்சகத்து மிச்சம் இல்லை. பாக்கெட்டுக்குள் இருந்து வந்தது.

"இது எதுல வந்தது அண்ணி? ஆரஞ்சா? பால் மிட்டாயா?"

"இஞ்சி."

"இஞ்சியா?"

"தையல் கூடத்துல பஞ்சுத் தூசி. எனக்கு எப்பப் பாரு இருமல். மருந்துக் கடையில அதே கம்பெனி இஞ்சி மிட்டாய் வெச்சிருந்தான். காரமும் கசப்புமா, வாயில வைக்க முடியாது. ஆறு மாசம் தின்னேன். அந்த அட்டை அதுல மட்டுந்தான் வரும். எனக்கே மூணு வந்துச்சு. ரெண்டைக் கூட வேலை பாத்தவங்க பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டேன்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஊரில் உள்ள அத்தனை பிள்ளைகளும் தித்திப்பைத் தின்றுவிட்டு, வளர்ந்து சங்கம் வைத்து, தித்திப்புப் பாக்கெட் உறைகளை வைத்து ஆராய்ச்சி செய்திருக்கிறோம். இருமல் மிட்டாயை எவன் தின்பான்? கம்பெனிக்காரன் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறான். இருமின ஒரு பெண்ணை மட்டும் அவன் எதிர்பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் மேலே வந்தார். தரையில் பரப்பியிருந்த அட்டைகளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் கேலி வடிந்துபோனது.

"அக்கா... அப்ப அந்த சைக்கிள் நிஜமாவே..."

"நிஜமில்லாம?" என்றார் அண்ணி. "இருபத்திரண்டு வருஷம் வேலைக்கு ஓட்டினேன். உன்னையும் பின்னாடி ஏத்திக்கிட்டுப் பள்ளிக்கூடம் விட்டேன். ரெண்டு சக்கரமும் பொய்யிலயா உருண்டுச்சு?"

அவர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி குனிந்து நாற்பத்து மூன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "இந்தா. இதுக்குத்தானே அலைஞ்சே. வெச்சுக்கோ."

என் கை நீண்டது. இல்லை என்று சொல்லமாட்டேன். அதை வாங்கிக் கீழே கொண்டுபோய் வைத்தால் என் பன்னிரண்டாவது தொகுப்பு முழுமை. அட்டையின் குளிர்ச்சிகூட விரலில் பட்டுவிட்டது. பிறகு தரையில், நாற்பத்து இரண்டுக்கும் நாற்பத்து நான்குக்கும் நடுவே காலியாக இருந்த இடம் கண்ணில் பட்டது. அறுபதாக இருப்பதைக் குலைத்துவிட்டு என் ஐம்பத்தொன்பதை அறுபதாக்குவதா? அட்டையை அதன் இடத்திலேயே வைத்தேன்.

"நீங்க அடுத்த கூட்டத்துக்கு வாங்க."

"எனக்கு எதுக்கு? நான் என்ன உன்னை மாதிரி பைத்தியமா?"

"உங்களுக்காகக் கூப்பிடலை. நான் அச்சுல பொய் எழுதியிருக்கேன். அதை அழிக்க நீங்க இல்லாம முடியாது."

அண்ணி மெஷினுக்குத் திரும்பினார். அடுத்த காலரை எடுத்தார். "அன்னிக்கு உடுத்த நல்லதா ஒண்ணு தைச்சுக்கணும்" என்றார்.

அந்த ஒரு மாதமும் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் மாடிப்படிக்கு அடியில் போய்விடுவார். அங்கேதான் அந்த நீலச் சைக்கிள் பழைய சாமான்களுக்குப் பின்னால் கிடந்தது. இரண்டு டயரும் மாற்றினார், துரு சுரண்டினார், மணியைக் கழற்றி எண்ணெய் விட்டார். மன்னிப்புக் கேட்க வாய் வராத ஆள், கைதான் வரும். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நூலகத்துக்கு நடந்தபோது அவர் அதைத் தள்ளிக்கொண்டே பின்னால் வந்தார். எதிரே வந்த தெரிந்தவர்களிடம் எல்லாம், யாரும் கேட்காமலே, "எங்கக்கா ஜெயிச்சது" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கூட்டத்தில் முதலில் நான் எழுந்தேன். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய மலரைக் கையில் பிடித்துக்கொண்டு, இதில் நான் எழுதிய ஆறு பக்கமும் தப்பு என்று சொன்னேன். ஆதாரம் என் வீட்டு மாடியிலேயே இருந்தது, நான் திறந்து பார்க்கவில்லை என்றும் சொன்னேன். அண்ணி புதுச் சாம்பல் நிற உடையில், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பல் பிடுங்க வந்தவர் போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

உறைக்காரர் கையைத் தூக்கினார். "கேக்கறதுக்குச் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா விதி விதிதானே? ஏழாவது விதி. துளை விழுந்தது சேராது. அம்மாவே கொண்டுவந்தது."

"நான் கொண்டுவந்த விதியை நானே மாத்தக் கேக்கறேன்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்தே வந்தது. "ஆணி குத்தினது சேதம். கம்பெனி போட்டது முத்திரை. ஜெயிச்சவங்க அட்டையில மட்டுந்தான் அது இருக்கும். நீங்க கொண்டுவந்த தாளே அதைத்தானே சொல்லுது?"

தலைவர் வாக்குக்கு விட்டார். கைகள் உயர்ந்தன. உறைக்காரர் மட்டும் உயர்த்தவில்லை. எழுந்து வந்து அண்ணியிடம் பணிவாக, "ஒரு தடவை பாக்கலாமா?" என்று கேட்டு, நாற்பத்து மூன்றைப் பூதக்கண்ணாடியில் வைத்துத் துளையை முன்னும் பின்னும் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார். "நானே சோதிக்கிறேன்" என்று சோதகர் நாற்காலியில் போய் உட்கார்ந்தும் கொண்டார்.

அண்ணி எழுந்து நின்றார். "ஒண்ணு" என்றார். முதலில் குரல் கேட்கவில்லை.

"இருக்கு."

"ரெண்டு."

"இருக்கு."

பத்து தாண்டியதும் அண்ணியின் குரலில் தெம்பு வந்தது. இருபதில் நிமிர்ந்து நின்றார். வாசல் பக்கம் நின்ற வீட்டுக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"நாப்பத்து மூணு" என்றார் அண்ணி.

உறைக்காரர் அட்டையைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். முப்பது வருஷமாக அந்த அறையில் யாரும் அந்த எண்ணுக்குப் பதில் சொன்னதில்லை. "இருக்கு" என்றபோது அவர் குரல் கம்மியது; சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்து, அவரே இன்னொரு தடவை உரக்கச் சொன்னார். "இருக்கு!" முறைப்படி பேசக் கூடாது. யாரும் பேசவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அறுபதும் முடிந்ததும் தலைவர் பதிவேட்டைத் திறந்து பேனாவை நீட்டினார். அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டார், நான் பொருத்தியது. தொகுப்பின் பெயரையும் தன் பெயரையும் நிதானமாக எழுதினார். "கிடைத்த விதம்" என்ற கட்டத்தில் நாங்கள் எல்லாரும் "பரிமாற்றம்", "ஏலம்", "வெளியூர் நண்பர் மூலம்" என்று எழுதியிருந்தோம். அண்ணி மேலே இருந்த வரிகளை ஒருதடவை வாசித்துப் பார்த்தார். பிறகு எழுதினார்: "தின்று."

தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அடுத்தது தேதிக் கட்டம். அண்ணி யோசிக்கவே இல்லை. நாளையும் மாதத்தையும் எழுதி, நாற்பத்தாறு வருஷத்துக்கு முந்தைய வருஷத்தைப் போட்டார்.

"அம்மா, அதுல இன்னிக்குத் தேதி போடணும்" என்றார் தலைவர் மெதுவாக. "முழுமையான தேதி."

"முழுசானது அன்னிக்கு" என்றார் அண்ணி. "நீங்க பாத்தது இன்னிக்கு." கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

யாரும் அதைத் திருத்தவில்லை. என் தொகுப்பில் இன்னும் ஐம்பத்தொன்பதுதான். நாற்பத்து மூன்று எங்கே என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் இருக்கிறது என்று சொல்கிறேன்.